எஃப்டிசி போட்டி ரோபோவுக்கு நிரல் எழுத எங்கிருந்து தொடங்குவது?

புதிய அணி, கையில் ஒரு ரெவ் கன்ட்ரோல் ஹப் (ரோபோவை இயக்கும் கணினிப் பெட்டி), நான்கு மோட்டார்கள், நிரல் எழுதிப் பழகியவர் யாரும் இல்லை, ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் (எஃப்டிசி) என்ற மாணவர் ரோபோ போட்டிக்கு எதை முதலில் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் நாளில் ஒரே ஒரு மோட்டாரைச் சுழற்றுங்கள். அது எவ்வளவு சுற்றியது என்ற எண்ணைத் திரையில் பாருங்கள். அன்றைக்கு அது போதும். புது அணிகளில் "நிரல் வேலை செய்யல" என்று முறையிடும்போது, கோளாறு பெரும்பாலும் நிரலின் தர்க்கத்தில் இருக்காது. சாதனத்துக்கு வைத்த பெயரிலோ, மோட்டார் சுற்றும் திசையிலோ, என்கோடர் (மோட்டார் எவ்வளவு சுற்றியது என்று எண்ணும் உணரி) காட்டும் எண்ணிலோ இருக்கும். இந்த மூன்றையும் ஆரம்பத்திலேயே கெட்டியாகப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் வேகமாக வரும்.

கன்ட்ரோல் ஹப் தானே ஒரு வைஃபை ஹாட்ஸ்பாட். பேட்டரியை இணைத்து ஆன் செய்து, லேப்டாப்பை அந்த வைஃபையில் சேர்த்து, பிரவுசரில் 192.168.43.1:8080 என்று அடித்தால் நிரல் எழுதும் பக்கம் திறக்கும். அந்த நேரத்தில் லேப்டாப்பில் இன்டர்நெட் இருக்காது, பயப்பட வேண்டாம். ஹப்பின் பெயரை உங்கள் அணி எண்ணோடு மாற்றிவிடுங்கள், ஆரம்பக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். போட்டி அரங்கில் பல ஹப்கள் ஒன்றாக ஓடும், பெயர் குழப்பம் அங்கேதான் வரும். ஹப்பிலும், ஓட்டுநர் ரோபோவை இயக்கும் கையடக்கக் கருவியான டிரைவர் ஸ்டேஷனிலும் ஒரே பதிப்பு மென்பொருள் இருக்கட்டும்.

எந்த மொழியில் எழுதுவது? மூன்று வழிகள்: பிளாக்ஸ் (கட்டங்களை இழுத்து அடுக்குவது), ஆன்பாட் ஜாவா (பிரவுசரிலேயே ஜாவா எழுதுவது), ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ (லேப்டாப்பில் நிறுவிய மென்பொருளில் ஜாவா எழுதுவது). இதுவரை கோடிங் செய்யாதவர்கள் ஒரு வாரம் பிளாக்ஸில் கைபழகிவிட்டு ஆன்பாட் ஜாவாவுக்கு வந்துவிடுங்கள் என்பேன். பிளாக்ஸில் எழுதியதை ஜாவாவாகவும் பார்க்கலாம், அதனால் அந்த ஒரு வாரம் வீணாகாது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து எழுதும் நிலை வந்த பிறகு ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவும், பலர் எழுதும் மாற்றங்களைச் சேர்த்துவைக்கும் கிட் (Git) என்ற கருவியும் தேவைப்படும். ஆன்பாட் ஜாவாவில் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அங்கே எல்லாக் கோப்புகளும் ஒன்றாகத்தான் பில்டு ஆகும். யாரோ பாதியில் விட்டுப்போன ஒரு கோப்பில் ஒரு அரைப்புள்ளி குறைந்தாலும், பிழையே இல்லாத உங்கள் கோப்பும் பில்டு ஆகாது. கீழே வரும் பிழைச் செய்தியில் முதலில் கோப்பின் பெயரைப் பாருங்கள்.

அடுத்தது கான்ஃபிகரேஷன். டிரைவர் ஸ்டேஷனில் கான்ஃபிகர் ரோபோ என்ற இடத்தில் எந்த போர்ட்டில் எந்த மோட்டார் என்று பெயர் வைக்கிறோம். மோட்டார் போர்ட்கள் 0 முதல் 3 வரை நான்கு. அங்கே வைத்த பெயரும் நிரலில் ஹார்ட்வேர்மேப் வழியாகக் கேட்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவில் ஒரு இடைவெளி எல்லாமே கணக்கு. பொருந்தவில்லை என்றால் டிரைவர் ஸ்டேஷனில் இனிட் (நிரலைத் தயார் செய்யும் பொத்தான்) அழுத்தியதுமே, அந்தப் பெயரில் சாதனம் இல்லை என்று பிழை வரும். பெயர்ப் பட்டியலை ஒரு தாளில் எழுதி ரோபோ பெட்டியிலேயே ஒட்டிவிடுங்கள். சேமித்த பிறகு அந்தக் கான்ஃபிகரேஷனை ஆக்டிவேட் செய்ததையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கூடவே வரும் மாதிரி நிரல்களில் பேசிக் லீனியர் ஆப்மோடை எடுத்துக்கொள்ளுங்கள் (ஆப்மோடு என்பது டிரைவர் ஸ்டேஷனில் தேர்ந்தெடுத்து ஓட்டும் ஒரு நிரல்). அதில் டிசேபிள்டு என்ற வரி இருந்தால் நீக்குங்கள், இல்லாவிட்டால் டிரைவர் ஸ்டேஷன் பட்டியலில் அந்த நிரல் தோன்றவே தோன்றாது. நிரலின் நடுவில் வெயிட்ஃபார்ஸ்டார்ட் என்று ஒரு வரி இருக்கும். அதற்கு மேலே இருப்பது இனிட் அழுத்தியதும் ஓடும், கீழே இருப்பது ஸ்டார்ட் அழுத்திய பிறகுதான் ஓடும். மோட்டாருக்கு பவர் கொடுக்கும் வரி தவறி மேலே போய்விட்டால், எல்லாரும் கையை ரோபோவில் வைத்துக்கொண்டிருக்கும்போதே அது நகரும். கீழே ஓடும் லூப் ஒவ்வொன்றும், உள்ளே இருக்கும் சின்ன லூப்கள் உட்பட, ஆப்மோடு இன்னும் ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டே சுற்ற வேண்டும். அந்தக் கேள்வி இல்லாத லூப்பில் நிரல் மாட்டிக்கொண்டால் ஸ்டாப் அழுத்தினாலும் அது வெளியே வராது, கடைசியில் ஆப் தானே மறுபடி தொடங்கும். போட்டியின் நடுவில் அப்படி நடந்தால் பல நொடிகள் போய்விடும்.

முதல் ஓட்டத்துக்கு ரோபோவைத் தரையில் வைக்காதீர்கள். ஒரு பெட்டிமேல் தூக்கி வைத்து, சக்கரங்கள் காற்றில் சுற்றட்டும். ஒருவர் விரல் ஸ்டாப் பொத்தானிலேயே இருக்கட்டும். பவரை 0.3க்கு மேல் கொடுக்க வேண்டாம். நான்கு மோட்டாரையும் ஒவ்வொன்றாக ஓட்டி, முன்னோக்கி என்றால் உண்மையிலேயே முன்னோக்கிச் சுற்றுகிறதா என்று பாருங்கள். வலது, இடது மோட்டார்கள் ஒன்றையொன்று பார்த்தபடி பொருத்தப்பட்டிருப்பதால் ஒரு பக்கம் தலைகீழாகச் சுற்றும். அதை நிரலில் டைரக்‌ஷன் ரிவர்ஸ் கொடுத்துச் சரிசெய்யுங்கள், ஒயரை மாற்றிச் சொருகிச் சரிசெய்யாதீர்கள். அப்படி மாற்றினால் மோட்டார் ஒரு பக்கமும் என்கோடர் எண் எதிர்ப்பக்கமும் போகும். கேம்பேட் குச்சியை முன்னே தள்ளினால் எதிர்ம எண் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள், முன்னே சாய்த்தால் ரோபோ பின்னே போவதற்கு அதுவே காரணம். கேம்பேடில் ஸ்டார்ட்டையும் ஏ பொத்தானையும் சேர்த்து அழுத்தினால்தான் அது முதல் ஓட்டுநராகப் பதிவாகும். இரண்டாமவருக்கு ஸ்டார்ட்டும் பியும்.

இனி என்கோடர். இதில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள், பின்னால் பல மடங்கு மிச்சமாகும். கோபில்டாவின் 312 ஆர்பிஎம் மோட்டாரில் வெளித்தண்டு ஒரு சுற்றுக்கு 537.7 எண்ணிக்கை. சக்கர விட்டம் 96 மிமீ என்றால் சுற்றளவு ஏறத்தாழ 301.6 மிமீ, அதாவது ஒரு மிமீக்கு 1.78 எண்ணிக்கை. 600 மிமீ போக ஏறத்தாழ 1070. ரெவ் எச்டி ஹெக்ஸ் மோட்டாரில் கணக்கு வேறு: 28 எண்ணிக்கை என்பது கியருக்கு முந்தைய தண்டுக்கு. கியர் விகிதத்தால் பெருக்க வேண்டும். இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். அல்ட்ராபிளானட்டரி கியர் பெட்டியில் 4:1 என்று எழுதியிருப்பது உண்மையில் 3.61:1தான், 5:1 என்பது 5.23:1. இரண்டையும் அடுக்கினால் 20 அல்ல, 19க்குச் சற்றுக் குறைவு. 560 என்று கணக்கிட்டால் உண்மை எண் 530 பக்கம் இருக்கும், 600 மிமீ போகச் சொன்ன ரோபோ 30 மிமீக்கு மேல் தாண்டி நிற்கும். கணக்கை நம்புவதோடு நிறுத்தாதீர்கள். சக்கரத்தில் ஒரு டேப் துண்டை ஒட்டி, கையால் சரியாகப் பத்துச் சுற்று சுற்றி, டெலிமெட்ரியில் (ரோபோ திரைக்கு அனுப்பும் தகவலில்) வரும் எண்ணைப் பத்தால் வகுத்துப் பாருங்கள்.

என்கோடர் கேபிள் பக்கத்து மோட்டாரின் போர்ட்டில் சொருகப்பட்டிருந்தால், ரன் டு பொசிஷன் (கொடுத்த எண்ணிக்கை வரும்வரை ஓடுவது) முறையில் மோட்டார் நிற்காமல் ஓடும். எண் மாறவே இல்லை, ஆகவே இலக்கு வரவில்லை என்றே ஹப் நினைத்துக்கொண்டிருக்கும். மோட்டார் ஒயர் தலைகீழாக இருந்தாலும் இதே ஓட்டம்தான், எண் மட்டும் இலக்கைவிட்டு விலகிக்கொண்டே போகும். திரையில் எண்ணைப் பார்த்தால் இரண்டில் எது என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். இந்த முறையில் இலக்கை முதலில் கொடுத்துவிட்டுத்தான் மோடை மாற்ற வேண்டும், வரிசை மாறினால் நிரல் பிழையோடு நின்றுவிடும்.

டெலிஆப் பகுதியில், அதாவது ஓட்டுநர் கேம்பேடால் ஓட்டும் பகுதியில், எல்லா அணியும் சந்திக்கிற ஒன்று, ஒரே பொத்தானால் பிடியைத் திறந்து மூடுவது. "ஏ அழுத்தியிருந்தால் நிலையை மாற்று" என்று எழுதினால் பிடி சில நேரம் திறக்கும், சில நேரம் துடித்துவிட்டு அப்படியே நிற்கும். லூப் நொடிக்குப் பல பத்து முறை சுற்றுகிறது. விரல் பொத்தானில் 150 மில்லி நொடி இருந்தால், ஒரு சுற்றுக்கு 15 மில்லி நொடி என்று வைத்தாலும், அதற்குள் பத்து முறை நிலை மாறிவிடும். இரட்டைப்படையில் நின்றால் பழைய நிலை, ஒற்றைப்படையில் நின்றால் புது நிலை. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பொத்தானின் நிலையை ஒரு மாறியில் சேமித்து, "இப்போது அழுத்தியிருக்கிறது, போன சுற்றில் அழுத்தவில்லை" என்றால் மட்டும் மாற்றுங்கள். அதேபோல டெலிஆப் லூப்புக்குள் ஸ்லீப் (நிரலைக் கொஞ்ச நேரம் நிறுத்தும் கட்டளை) போடாதீர்கள். பிடி மூட அரை நொடி என்று ஸ்லீப் கொடுத்தால், அந்த அரை நொடி ஓட்டுநரின் குச்சியை ரோபோ கவனிக்காது, கடைசியாகக் கொடுத்த பவரிலேயே போய்க்கொண்டிருக்கும்.

மெக்கானம் சக்கரமானால் (பக்கவாட்டிலும் நகர உதவும், சாய்ந்த உருளைகள் கொண்ட சக்கரம்), மேலிருந்து பார்க்கும்போது உருளைகள் எக்ஸ் வடிவில் அமைந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். முன், பக்கம், திரும்புதல் மூன்றையும் கூட்டும்போது ஏதாவது ஒரு மோட்டாருக்கு 1ஐத் தாண்டினால், நான்கையும் அவற்றில் மிகப் பெரிய எண்ணால் வகுக்க வேண்டும். இல்லாவிட்டால் தாண்டியது மட்டும் 1ல் வெட்டப்பட்டு, ரோபோ கோணலாகப் போகும்.

ஓட்டுநர் இல்லாமல் ரோபோ தானே ஓடும் தானியங்கிப் பகுதி 30 நொடி. "0.5 பவரில் இரண்டு நொடி ஓடு" என்று நேரத்தை வைத்து எழுதுவது சுலபம், ஆனால் புதிதாக சார்ஜ் ஏறிய பேட்டரியில் ஒரு தூரமும் இரண்டு ஆட்டம் கழித்து வேறொரு தூரமும் போகும். என்கோடரை நம்புங்கள். திரும்புவதற்கு ஹப்பிலேயே இருக்கும் ஐஎம்யு (எவ்வளவு திரும்பியது என்று அளக்கும் உணரி) போதும். ஹப்பின் லோகோ எந்தப் பக்கம், யுஎஸ்பி போர்ட் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று நிரலில் சரியாகச் சொல்லுங்கள், தவறினால் ரோபோ திரும்பினாலும் கோணம் சரியாக மாறாது. கோணம் −180 முதல் 180 வரைதான். 179ல் இருந்து −179க்குப் போக 2 டிகிரி போதும், வெறுமனே கழித்தால் −358 வரும், ரோபோ ஒரு முழு வட்டம் அடிக்கும். வித்தியாசம் 180ஐத் தாண்டினால் 360ஐக் கழியுங்கள், −180க்குக் கீழே போனால் 360ஐக் கூட்டுங்கள்.

முதல் போட்டிக்கு, தொடங்கிய இடத்தைவிட்டு நகர்ந்து சரியான இடத்தில் நிற்கும் தானியங்கி நிரல் ஒன்று போதும். அதைப் பத்து முறை தொடர்ந்து ஓட்டுங்கள், வெவ்வேறு சார்ஜில் இருக்கும் பேட்டரிகளோடு. பத்தும் ஒரே இடத்தில் நின்ற பிறகு அந்தக் கோப்பைத் தரவிறக்கி லேப்டாப்பில் ஒரு நகல் வையுங்கள். ஆன்பாட் ஜாவாவில் எழுதியது ஹப்புக்குள் மட்டும்தான் இருக்கிறது, ஹப் பழுதானால் நிரலும் கூடவே போய்விடும்.