கோபுர உச்சிக்கு மின்சாரம்: உங்கள் மகன் தேர்ந்தெடுத்திருக்கும் வேலை

மதிப்பிற்குரிய அம்மா,

ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் பிரிவை முடித்த உங்கள் மகன் செல்போன் கோபுரங்களின் மின்பராமரிப்பு வேலைக்குப் போக விரும்புவதாகவும், அந்த உயரத்தை நினைத்தாலே உங்களுக்கு உறக்கம் வருவதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் அச்சம் நியாயமானது. ஆயினும் இந்த வேலையின் பெரும்பகுதி தரையில்தான் நடக்கிறது.

மின்வாரிய இணைப்பில் வரும் ஏசி (மாறுதிசை) மின்சாரத்தைக் கோபுரத்தின் அடியிலுள்ள ரெக்டிஃபையர் 48 வோல்ட் டிசியாக (நேர்திசை மின்சாரமாக) மாற்றுகிறது. மின்சாரம் நின்ற கணமே பேட்டரிகள் சுமையை ஏற்கின்றன. மின்தடை நீண்டால் ஜெனரேட்டர் ஓடுகிறது. இவற்றைப் பழுதின்றி வைத்திருப்பதே அன்றாடப் பணி.

முன்பு ரேடியோ கருவிகளும் கீழேயே இருந்தன. உச்சியிலுள்ள ஆண்டெனாவுக்குத் தடித்த கேபிள் வழியே அலைகளை அனுப்பியதில் கணிசமான ஆற்றல் வழியிலேயே வீணானதால், இப்போது அக்கருவிகளை ஆண்டெனாவுக்கு அருகிலேயே பொருத்துகிறார்கள். ஆகவே மின்சாரம் மேலே ஏறியாக வேண்டியிருக்கிறது. 40 மீட்டர் உயரத்தில் 500 வாட் எடுக்கும் ஒரு கருவிக்குப் பத்து ஆம்பியருக்குச் சற்று மேல் மின்னோட்டம் தேவை. போகவர 80 மீட்டர் என்பதால், 6 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செம்புக் கம்பியில் சுமார் இரண்டரை வோல்ட் குறையும். 4 சதுர மில்லிமீட்டர் என்றால் ஏறத்தாழ 4 வோல்ட். பேட்டரியின் வோல்டேஜ் இறங்க இறங்க, அதே 500 வாட்டைப் பெறுவதற்குக் கருவி கூடுதல் ஆம்பியரை இழுக்கும். இழப்பும் அதற்கேற்பக் கூடும். பகலெல்லாம் சீராக இயங்கிய கருவி நீண்ட மின்தடையின்போது மட்டும் நின்றுபோனால், கேபிளின் பருமனையும் சந்தேகிக்க வேண்டும். இந்தக் கணக்கு உங்கள் மகனுக்குப் பிடிபட்டிருந்தால் அவரைத் தடுக்காதீர்கள் என்பதே என் கருத்து.

உயரத்தில் ஏற வேண்டிய நாட்களும் வரும். எனவே வேலையில் சேருமுன் சில கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள்: உடல் முழுவதையும் தாங்கும் பாதுகாப்புப் பட்டையும் இரட்டைக் கொக்கிக் கயிறும் நிறுவனமே தருகிறதா, உயரத்தில் பணியாற்றப் பயிற்சி உண்டா, துணையின்றி ஏற்றுவார்களா, இடி மின்னல் நேரத்தில் ஏற மறுக்க உரிமை உண்டா, ஒப்பந்ததாரர் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டுகிறாரா? இவற்றில் ஒன்றுக்கேனும் மழுப்பலான பதில் வந்தால், சம்பளம் எவ்வளவாயினும் அந்த இடம் வேண்டாம்.

மேலும் படிக்க விரும்பினால், இரண்டாண்டு ஐடிஐ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர முடியும். மின்னியல் பிரிவை எடுப்பது நல்லது. கோபுர வேலை பிடிக்காமல் போனாலும், ரெக்டிஃபையரும் பேட்டரியும் தெரிந்தவருக்குச் சூரிய மின்நிலையங்களிலும் மின்வாகனச் சார்ஜிங் நிலையங்களிலும் இடமுண்டு.