பொதுத்துறையில் தலைமையும் பணி ஈடுபாடும்: வாசகர் கேள்விகள்

பொதுத்துறையில் சம்பளமும் பதவி உயர்வும் பணிமூப்புப்படிதானே? தலைவர் எப்படி இருந்தால் ஊழியருக்கு என்ன?

பணத்தை வைத்து ஊக்குவிக்க வழியில்லாத இடத்தில்தான் தலைவர் அதிகம் தேவைப்படுகிறார். பொதுச்சேவை உந்துதல் பற்றி பெரி, வைஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் 1990-இல் எழுதினார்கள்: மக்களுக்குப் பயன்படுகிறோம் என்ற எண்ணமே சிலரை இந்த வேலைக்கு இழுக்கிறது. துணைமின் நிலையத்தில் நள்ளிரவில் பழுது பார்த்தவரிடம், எந்த மருத்துவமனைக்கு மின்சாரம் திரும்பியது என்று யாராவது சொல்ல வேண்டும். பெரும்பாலும் சொல்வதில்லை.

ஈடுபாட்டை அளக்க எத்தனை கேள்விகள் வேண்டும்?

பணி ஈடுபாட்டை அளக்கப் பலரும் பயன்படுத்தும் உட்ரெக்ட் வினாத்தாளில் 17, அதன் சுருக்க வடிவத்தில் 9. ஒன்பதே போதும்.

எங்கள் கணக்கெடுப்பில் தலைமைக்கும் ஈடுபாட்டுக்கும் வலுவான தொடர்பு வந்தது. தலைமையே காரணம் என்று அறிக்கை தரலாமா?

கூடாது. எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்றுகூட எழுதாமல் அறிக்கைக்கு அவசரப்படுகிறீர்கள். ஒரே ஆள், ஒரே தாளில், ஒரே மூச்சில் மேலாளருக்கும் தனக்கும் மதிப்பெண் போட்டால் தொடர்பு வராமல் என்ன செய்யும்? காலையில் இடமாற்ற உத்தரவு வாங்கியவர் இரண்டிலும் ஐந்துக்கு 2 போடுவார். கேட்ட விடுப்பு கிடைத்தவர் இரண்டிலும் 5. போதாததற்கு, வேலையில் ஒன்றிப்போனவருக்கு மேலாளரும் நல்லவராகவே தெரிவார். தொடர்பு வேறு, காரணம் வேறு.

நான் பார்த்த ஒரு படிவத்தில் 'பெயர் எழுத வேண்டாம்' என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கீழ் மூலையில் ஊழியர் எண் அச்சாகியிருந்தது! அந்தப் பிரிவில் ஒருவர்கூட 4-க்குக் கீழே போடவில்லை. தலைமை பற்றி இப்போது கேளுங்கள், ஈடுபாட்டைச் சில மாதம் கழித்துக் கேளுங்கள். விடுப்புப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிரிவுவாரியாகப் பாருங்கள். அப்போதும், தொடர்பு வேறு, காரணம் வேறு.

புதுத் தலைவர் மாதாமாதம் எழுச்சியுரை ஆற்றுகிறார். பலன் இருக்குமா?

உரை கேட்டுவிட்டு இருக்கைக்குத் திரும்பினால், மூன்று மாதமாகக் கிடக்கும் கோப்பில் 'பேசவும்' என்று மட்டும் எழுதியிருந்தால் இருக்காது. தலைமை பற்றி ஆராய்ந்த பேஸ் 1985-இல் விரித்துச் சொன்ன உருமாற்றத் தலைமை முன்மாதிரியாக நடப்பது, நோக்கத்தை ஊட்டுவது, யோசிக்கத் தூண்டுவது, ஒவ்வொருவரையும் தனியாகக் கவனிப்பது என்று விரிகிறது. தாராளமாகப் பார்த்தாலும் உரை அதில் கால்பங்கு.

தலைவரை இரண்டு வருடத்தில் மாற்றிவிடுகிறார்கள். அப்புறம்?

பிரிவு மேலாளர் இருப்பார். ஊழியர் தினமும் பார்ப்பது அவர் முகத்தைத்தான். பயிற்சிச் செலவை அங்கே போடுங்கள்.

எங்கள் நிறுவனத்துக்கு எந்த வகைத் தலைமை நல்லது?

என்ன நிறுவனம், எத்தனை பேர், என்ன சிக்கல்? மூன்றும் இல்லாத கடிதத்துக்கு ஜோசியம்தான் சொல்லலாம். எனக்கு அது வராது.