செஞ்சோற்றுப் பயணம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அரசு கலைக்கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறேன். ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பில் மாதம் இருமுறை பத்தி எழுதுகிறேன். சென்ற வாரம் வெளிநாட்டு நட்புறவுக் கழகம் ஒன்றிடமிருந்து அழைப்பு வந்தது. எட்டு நாள், பன்னிரண்டு பேர், விமானச் சீட்டிலிருந்து சாப்பாடு வரை அவர்கள் செலவு. "எதுவும் எழுதித் தர வேண்டாம், வந்து பார்த்தால் போதும்" என்கிறார்கள். இது நாசூக்கான லஞ்சம் என்கிறார் என் நண்பர். என்னை யாரும் விலைக்கு வாங்க முடியாது என்று நான் நம்புகிறேன். போகலாமா?

ச.

அன்புள்ள ச.,

போகலாம். ஆனால் அந்தக் கடைசி நம்பிக்கையை வீட்டிலேயே வைத்துப் பூட்டிவிட்டுப் போங்கள். உங்கள் கருத்தை வாங்க அவர்கள் மெனக்கெடப் போவதில்லை. "நான் நேரில் பார்த்தேன்" என்று நாளை வகுப்பிலும் பத்தியிலும் சொல்வீர்கள் அல்லவா, அந்த ஒரு வரி போதும் அவர்களுக்கு. அது பொய்யாகவும் இருக்காது. சிக்கலே அதில்தான்.

பிரான்சின் முன்னாள் பிரதமர் எதுவார் எரியோ 1933 ஆகஸ்ட் இறுதியில் சோவியத் உக்ரைனுக்கு விருந்தாளியாகப் போனார். சுற்றிப் பார்த்துவிட்டு, உக்ரைன் பூத்துக் குலுங்கும் தோட்டம்போல இருக்கிறது என்று சொன்னார். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் அதே மண்ணில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் செத்திருந்தார்கள். அவருக்காக ஒப்பனை செய்தார்கள் என்பது உண்மை. ஆனால் எல்லாமே ஒப்பனை இல்லை. பஞ்சத்தின் உச்சம் அந்த ஆண்டின் வசந்தகாலத்திலும் கோடையின் தொடக்கத்திலும் போனது. அவர் போன சமயத்தில் புது அறுவடை வந்துகொண்டிருந்தது. அட்டைக் கோட்டை கட்டி ஏமாற்றுவது கதைகளில்தான் அதிகம். பொருத்தமான மாதம், பொருத்தமான சாலை, பொருத்தமான பண்ணை: இந்த மூன்றையும் தேர்ந்தெடுத்தாலே முக்கால்வாசி வேலை முடிந்தது.

மீதியை நிகழ்ச்சி நிரல் பார்த்துக்கொள்ளும். இப்போதே அதைக் கேட்டு வாங்கி, பேனாவோடு உட்காருங்கள். "பள்ளி பார்வையிடல், 45 நிமிடம்" என்று ஒரு வரி இருக்கும். தேநீருக்கும் வரவேற்புக்கும் 10 நிமிடம். தலைமையாசிரியர் உரை, மொழிபெயர்ப்போடு 15. நினைவுப் பரிசு, குழுப்படம் 8. மிச்சம் 12. உங்கள் கேள்வியும் அவர் பதிலும் இரண்டு மொழியில் இரண்டு தடவை சொல்லப்படும் என்பதால் அது 6 ஆகிறது. பன்னிரண்டு பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு அரை நிமிடம், கேள்வி பதில் இரண்டுக்கும் சேர்த்து. எதையும் யாரும் மறைக்கவில்லை. கேட்க நேரமில்லை, அவ்வளவுதான். காலை ஏழரைக்குப் பேருந்து, இரவு பத்துக்கு விருந்து முடியும் என்று எட்டு நாளும் நிரம்பியிருந்தால், அது அன்பு மிகுதி என்று நினைத்துவிடாதீர்கள்.

அடுத்தது அன்பு. இதுதான் கஷ்டமான பகுதி. உங்களோடு வரும் வழிகாட்டிப் பெண் நல்லவராகவே இருப்பார். உங்களுக்குச் சைவச் சாப்பாடு தேடி அலைவார், மூட்டுவலிக்கு மருந்து வாங்கித் தருவார், அம்மா படத்தைக் காட்டுவார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்தவர்கள் நாம். ஊர் திரும்பி அந்த அரசைப் பற்றிக் கடுமையாக ஒரு வரி எழுதப் போகும்போது, கண்முன் வருவது அரசு அல்ல, அந்தப் பெண்தான். செஞ்சோற்றுக் கடன் என்பதை அமைச்சகங்கள் நம்மைவிட நன்றாகவே புரிந்து வைத்திருக்கின்றன. அந்தப் பெண்ணுக்கு ஒரு வேலையும் உண்டு. 1925இல் தொடங்கிய வோக்ஸ் என்ற சோவியத் பண்பாட்டு உறவு அமைப்பில், விருந்தினர் என்ன கேட்டார், எங்கே முகம் சுளித்தார் என்று வழிகாட்டிகள் அறிக்கை எழுதித் தர வேண்டும். விருந்தோம்பலும் உளவும் ஒரே ஆளின் பணியாக இருந்தன.

அதே வோக்ஸின் அழைப்பில் 1930இல் தாகூர் மாஸ்கோ போனார். கல்விப் பணியை மனதாரப் பாராட்டினார். கிளம்பும் முன் சோவியத் அரசு நாளிதழான இஸ்வெஸ்தியாவுக்குக் கொடுத்த பேட்டியில், வெறுப்பை ஊட்டி வளர்ப்பதையும் மாற்றுக் கருத்தை நசுக்குவதையும் கண்டித்தார். அந்தப் பேட்டி அங்கே அச்சானது 1988இல். ஆகவே விருந்தாளியாகப் போய் நேர்மையாகப் பேச முடியும். ஆனால் நீங்கள் அங்கே பேசுவதில் எது அச்சேறும் என்பது உங்கள் கையில் இல்லை. முதல் நாள் விமான நிலையத்திலேயே மைக்கை நீட்டி "முதல் அனுபவம் எப்படி?" என்பார்கள். தூக்கக் கலக்கத்தில் "அருமை" என்று சொல்லிவிட்டால் அன்று மாலைச் செய்தி அதுதான். "இன்னும் எதுவும் பார்க்கவில்லை" என்று சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். கடைசி இரவு விருந்தில் கூட்டறிக்கை சுற்றுக்கு வரும். கையெழுத்துப் போட வேண்டாம்.

"என்னை ஏன் அழைத்தார்கள்?" என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். பெரிய ஆளான பிறகு அழைப்பது விரயம். அமெரிக்க அரசின் விருந்தினர் திட்டம் 1940லிருந்து வருகிறது. அதற்கு நீங்கள் விண்ணப்பிக்க முடியாது, தூதரகம்தான் ஆள் தேடும். 1967இல் அப்படிப் போனவர் மார்கரெட் தாட்சர், பிரிட்டன் பிரதமராவதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்பு. அந்தத் திட்டத்தில் ஒரு நல்ல அம்சம், காசு அரசுடையது என்று வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார்கள்.

உங்கள் அழைப்பில் அது இல்லை. "நட்புறவுக் கழகம்" என்றால் யார் பணம்? 2013 மே மாதம் அமெரிக்கக் கீழவை உறுப்பினர்கள் பத்துப் பேரும் அலுவலர்கள் 32 பேரும் அஜர்பைஜானின் பாகு நகரில் நடந்த மாநாட்டுக்குப் போனார்கள். அழைத்தவை ஹூஸ்டனைச் சேர்ந்த லாபநோக்கற்ற அமைப்புகள். பின்னால் விசாரித்தபோது, அஜர்பைஜான் அரசு எண்ணெய் நிறுவனம் 7,50,000 டாலரை அந்த அமைப்புகள் வழியாகக் கடத்தியிருந்தது தெரிந்தது. போனவர்களுக்குக் கம்பளமும் படிகத் தேநீர்க் குவளைகளும் பரிசு. பணம் எங்கிருந்து வந்தது என்பதை மறைத்ததற்காக அமைப்பின் தலைவர் 2018இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். எனவே விமானச் சீட்டு யார் கணக்கிலிருந்து வாங்கப்படுகிறது என்று எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் போகாதீர்கள்.

சட்டம் உங்களுக்குக் கூடுதலாகவே பொருந்தும். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2010, பிரிவு 6இன்படி, மக்கள் பிரதிநிதிகள், கட்சி நிர்வாகிகள், நீதிபதிகள், அரசு ஊழியர்கள், அரசு நிறுவனப் பணியாளர்கள் ஆகியோர் வெளிநாட்டு விருந்தோம்பலை ஏற்க மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும். பயணச் செலவு, தங்குமிடம், சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் அதில் அடங்கும். உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில் எஃப்சி-2 படிவம்; அழைப்புக் கடிதத்தை இணைக்க வேண்டும்; புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்னதாகப் போய்ச் சேர வேண்டும். கல்லூரிக் கல்வித் துறையின் தடையின்மைச் சான்று இதற்கு மாற்று ஆகாது, இரண்டும் தேவை. தனியார் இதழின் முழுநேரச் செய்தியாளர் இந்தப் பிரிவில் வரமாட்டார், நீங்கள் வருவீர்கள். உறையில் வைத்துப் பணம் தந்தால் தொடவே தொடாதீர்கள். வெளிநாட்டு நன்கொடை வாங்க பிரிவு 3 தடை விதிப்பவர்களில் அரசு ஊழியரும் உண்டு, நாளிதழ்ப் பத்தியாளரும் உண்டு. நீங்கள் இரண்டும்.

கிளம்புமுன் ஒரு வேலை செய்யுங்கள். சோவியத் நாடு நேரு விருது பெற்றவர்களுக்கு ரஷ்யப் பயணமும் சேர்த்துக் கிடைத்த காலம் ஒன்று இருந்தது. அக்காலத் தமிழ்ப் பயண நூல்களில் நாலைந்தை நூலகத்தில் எடுத்து அடுத்தடுத்துப் படியுங்கள். மெட்ரோ நிலையம், மழலையர் பள்ளி, கூட்டுப்பண்ணை என்று பெரும்பாலும் அதே நிறுத்தங்கள் வரும். உங்கள் நிரலையும் அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அங்கே போனபின், நிரலில் இல்லாத ஓர் இடத்தை நீங்களே பெயர் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் என்ன காரணம் சொன்னார்கள் என்பதைத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். ஒரே கேள்வியை மூன்று ஊரில் மூன்று பேரிடம் கேளுங்கள். மூன்று பதிலும் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருந்தால் அது மனப்பாடம் செய்த பாடம். விசா இடம் கொடுத்தால் திரும்பும் சீட்டை மூன்று நாள் தள்ளிப் போட்டு, உங்கள் காசில், சொந்த மொழிபெயர்ப்பாளரோடு தங்குங்கள். ஒரு எச்சரிக்கை: தனியாக யாராவது மனம் திறந்து பேசினால் படம் எடுக்காதீர்கள், பெயர் எழுதாதீர்கள், ஊரைக்கூட மாற்றி எழுதுங்கள். நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், அவர் அங்கேதான் இருக்க வேண்டும்.

திரும்பி வந்து எழுதும் பத்தியில் முதல் வரியாகவே இப்படிப் போடுங்கள்: "இந்தப் பயணத்தின் விமானச் செலவு, தங்குமிடம், உணவு ஆகியவற்றை இன்னார் ஏற்றார்கள், பார்த்த இடங்களையும் மொழிபெயர்ப்பாளரையும் அவர்களே தேர்ந்தெடுத்தார்கள்." அடியில் பொடி எழுத்தில் போட்டால் இடம் போதவில்லை என்று இதழில் வெட்டிவிடுவார்கள்.