சிரிக்கும் முகங்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

போலந்தின் வூச் நகர கெட்டோவில், அதாவது நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த பகுதியில், எடுத்தவை என்று சில படங்கள் வாட்ஸப்பில் வந்தன. கல்யாணம், குழந்தையைக் கொஞ்சும் தாய், விருந்து மேஜை. ‘பட்டினி, கொலை எல்லாம் கட்டுக்கதை’ என்று கீழே எழுதியிருந்தது. இவை போலிப் படங்களா?

ரா.

அன்புள்ள ரா.,

படங்கள் அசல். கீழே எழுதியதுதான் பொய்.

எடுத்தவர் ஹென்ரிக் ரோஸ். அவரும் உள்ளே அடைபட்ட யூதர். 1940-ல் நாஜிகள் அந்த கெட்டோவில் 1,60,000 பேருக்கு மேல் அடைத்து வேலி போட்டார்கள். ரோஸுக்கு அங்கே அடையாள அட்டைக்குப் படம் பிடிக்கும் உத்தியோகம். மனிதர் மூன்றடுக்கு மேடை கட்டி, 12 பேரை உட்காரவைத்து ஒரே நெகட்டிவில் எடுத்துவிடுவார். அப்புறம் முகம் முகமாகக் கத்தரித்துக்கொள்வார். அப்படி மிச்சம் பிடித்த ஃபிலிமில்தான் எடுக்கக் கூடாததை எல்லாம் எடுத்தார். பிடிபட்டிருந்தால் உயிர் போயிருக்கும்.

1944-ல் நெகட்டிவ்களை மண்ணில் புதைத்தார். அடுத்த வருஷம் தோண்டியபோது கிட்டத்தட்ட பாதி ஈரத்தில் கெட்டுப்போயிருந்தது. மிஞ்சியது சுமார் 3,000. பிணங்களும் எலும்புக்கூடாய் நிற்கும் பிள்ளைகளும் அதில் உண்டு. நீங்கள் பார்த்த விருந்தும் உண்டு. கெட்டோ நிர்வாகத்திலும், யூதர்களைக் கொண்டே அமைத்த கெட்டோ போலீசிலும் இருந்தவர்களுக்குச் சாப்பாடு கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தது, அவ்வளவுதான். ரோஸ் 1961-ல், யூதர்களைக் கொலை முகாம்களுக்கு அனுப்பிய நாஜி அதிகாரி ஐக்மன்மீது நடந்த வழக்கில் சாட்சி சொன்னார். ஆனால் இந்தச் சிரிக்கும் படங்களில் பெரும்பாலானவை அவர் 1991-ல் இறந்த பிறகே வெளியே தெரிந்தன. அவர் பயந்தது இந்த வாட்ஸப் வாசகத்துக்குத்தானோ என்னவோ.

அவற்றில் ஒன்றை நிதானமாகப் பாருங்கள். கெட்டோ போலீஸ் உடுப்பும் தொப்பியும் மாட்டிய ஒரு பொடியன், இன்னொரு சிறுவனைக் ‘கைது’ செய்கிறான். நம் திருடன்-போலீஸ் விளையாட்டுதான். 1942 செப்டம்பரில் பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் முதியவர்களையும் நோயாளிகளையும் ஒப்படைக்கச் சொன்னார்கள் நாஜிகள். வீடு வீடாகத் தேடிப் பிடித்ததில் அந்த யூத போலீசும் உண்டு. அந்தப் போலீஸ்காரர்களின் சொந்தப் பிள்ளைகளை மட்டும் விட்டுவிடுவதாகப் பேச்சு. 15,000 பேருக்கு மேல் செல்ம்னோ என்ற கொலை முகாமுக்குப் போனார்கள். அங்கே மூடிய லாரிக்குள் புகையை விட்டுக் கொன்றார்கள். அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு ஒரு குழந்தை விளையாடுகிறது என்றால், விளையாட வேறு பிள்ளைகள் எத்தனை பேர் மிஞ்சியிருப்பார்கள்?

தொகுப்பு இப்போது டொராண்டோவில், ஒண்டாரியோ கலைக்கூடத்தில் இருக்கிறது. இணையத்திலும் பார்க்கலாம். உங்களுக்கு அனுப்பியவருக்கு முழுத் தொகுப்பையும் அனுப்பிவையுங்கள்.