காந்தத் துகளுக்கு எதற்குப் பாலிமர் சட்டை?

மருந்து சுமக்கும் நானோ காந்தத் துகள்களை இரத்தத்தில் செலுத்தினால், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குழாயை அடைத்துவிடாதா?

நியாயமான பயம்தான். ஆனால் மேக்னடைட் என்னும் இரும்பு ஆக்சைடைச் சுமார் 20 நானோமீட்டருக்குக் கீழே சிறிதாக்கினால் அதன் குணமே மாறிவிடுகிறது. அறை வெப்பமே அதன் காந்தத் திசையை ஓயாமல் புரட்டிப் போடுவதால், வெளியிலிருந்து பார்க்கும்போது அது காந்தமாகவே தெரிவதில்லை. அருகில் காந்தப்புலம் வந்தால் சட்டென்று விழித்துக்கொள்ளும். புலம் விலகினால் மறந்துவிடும். இதற்குச் சூப்பர் பாரா காந்தத்தன்மை என்று பெயர்.

ஆனால் காந்தம் இல்லாவிட்டாலும் துகள்கள் ஒட்டும். அவ்வளவு சிறிய பொருள்களின் பரப்புகள் ஒன்றையொன்று தாமாகவே இழுக்கும். பாலிமர், அதாவது நீண்ட மூலக்கூறுச் சங்கிலி, வேண்டியிருப்பது இங்கேதான். டெக்ஸ்ட்ரான், பாலிஎத்திலீன் கிளைக்கால் போன்ற சங்கிலிகள் நீரை உறிஞ்சிக் குஞ்சம்போல் விரிந்து நின்று பக்கத்துத் துகளை நெருங்கவிடாது. "நல்ல காந்தம் தயாரித்துவிட்டேன்" என்று யாராவது வந்து சொன்னால், உப்புக் கரைசலில் அது எத்தனை நாள் படியாமல் நின்றது என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

உடலுக்கு வெளியே காந்தத்தைப் பிடித்து, மருந்தை நேராகப் புற்றுக்கட்டிக்கே இழுத்துவிடலாம் என்கிறார்களே?

படத்தில் வரைவது எளிது. துகளை நகர்த்துவது புலத்தின் வலிமை மட்டுமல்ல. இடத்துக்கு இடம் அந்தப் புலம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதும் முக்கியம். காந்தத்திலிருந்து தூரம் கூடக்கூட இரண்டுமே விரைவாகக் குறைந்துவிடும். இழுவிசை துகளின் கன அளவைப் பொறுத்தது என்பதால், விட்டத்தைப் பாதியாக்கினால் விசை எட்டில் ஒரு பங்காகிவிடும். எதிரே இரத்த ஓட்டமோ துகளை அடித்துக்கொண்டு போகிறது. இன்னொரு சங்கடமும் உண்டு: வெளியே வைத்த காந்தத்தின் பிடி தோலருகேதான் மிக வலுவாக இருக்கும். உள்ளே ஆழத்தில் ஓரிடத்தில் மட்டும் துகள்களைக் குவித்து நிறுத்த அதனால் முடியாது. ஆகவே தோலுக்கு அருகிலுள்ள கட்டி என்றால் யோசிக்கலாம். கணையம் என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை.

இவை போதாதென்று கல்லீரல் வேறு. அங்குள்ள குப்ஃபர் செல்கள் அந்நியத் துகளைக் கண்டால் விழுங்கிவிடும். பாலிமர் உறை அவற்றின் கண்ணில் சிறிது நேரம் மண்ணைத் தூவும், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் காந்தத்தைவிட அந்த உறைதான் மருந்து விநியோகத்தில் அதிகம் உழைக்கிறது. அமிலத்தன்மை கூடினால் அவிழும் உறை, சூடானால் சுருங்கி மருந்தைப் பிழிந்துவிடும் உறை எனப் பல செய்திருக்கிறார்கள். பாலி என்-ஐசோபுரொப்பைல் அக்ரிலமைடு சுமார் 32 டிகிரி செல்சியஸில் அப்படிச் சுருங்கும். அது உடல் வெப்பத்துக்கும் கீழே என்பதால் வேறு பாலிமர்களைக் கலந்து அந்த அளவை உயர்த்துகிறார்கள்.

துகளைச் சூடாக்கியே கட்டியை அழிக்க முடியுமா?

முடியும். 1957-லேயே வந்த யோசனை இது. மாறுதிசைக் காந்தப்புலத்தில் துகள்கள் சூடாகும். கட்டியை 41 முதல் 46 டிகிரி வரை கொண்டுபோனால் கதிர்வீச்சுக்கு அது எளிதில் பணியும். மூளைக் கட்டிக்கான இத்தகைய சிகிச்சை ஒன்றுக்கு 2010-இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. அதில் காந்தத்தால் இழுக்கும் வேலையே இல்லை. துகள்களை ஊசியால் நேரே கட்டிக்குள் செலுத்திவிடுகிறார்கள். சிகிச்சைப் பகுதிக்கு அருகே உலோகம் இருக்கக் கூடாது. பல்லில் அடைத்த உலோகமும் இதில் சேர்த்தி.

இவையெல்லாம் ஆய்வகக் கனவுதானா, ஏதாவது புழக்கத்தில் இருக்கிறதா?

பி.சி.ஆர். பரிசோதனை செய்துகொண்டிருந்தால், உங்கள் மாதிரியும் இவற்றைச் சந்தித்திருக்கக்கூடும். வைரஸின் மரபுப்பொருளைப் பிரித்தெடுக்கப் பல ஆய்வகங்கள் காந்த மணிகளையே பயன்படுத்துகின்றன. மரபுப்பொருள் மணியில் ஒட்டும். குழாயின் பக்கத்தில் காந்தத்தை வைத்தால் மணிகள் சுவரோரம் ஒதுங்கும். அழுக்கு நீரைக் கொட்டிவிடலாம். நார்வேயின் யோன் உகெல்ஸ்டாட் 1970-களில் ஒரே அளவுள்ள பாலிஸ்டைரீன் மணிகளைச் செய்ய வழி கண்டதிலிருந்து வளர்ந்த தொழில் இது. அந்த வகை மணிகள் மைக்ரோமீட்டர் அளவுடையவை; அவற்றின் நுண்துளைகளுக்குள் இருக்கும் இரும்பு ஆக்சைடுத் துகள்கள்தான் நானோ அளவுடையவை. கல்லீரலோ இரத்த ஓட்டமோ குறுக்கே வராத இடம் என்பதால் இந்தத் துறையின் பெரிய வெற்றி சோதனைக் குழாயிலேயே கிடைத்தது.

உடலுக்குள் போன இரும்பு என்னவாகும்?

உறை சிதைந்தபின் உடலின் இரும்புச் சேமிப்பில் சேரும். ஃபெருமாக்சிடால் என்ற மருந்து இதையே நம்பி இருக்கிறது: சர்க்கரைப் பாலிமர் போர்த்திய இரும்பு ஆக்சைடு. 2009-இல் அமெரிக்காவில் இரும்புச்சத்துக் குறைபாட்டு இரத்தசோகைக்கு அனுமதி பெற்றது. தீவிர ஒவ்வாமை நேர்ந்ததால் 2015-இல் எச்சரிக்கையைக் கடுமையாக்கினார்கள். இதை ஏற்றிக்கொண்டவர்கள் அடுத்த சில மாதங்களில் எம்.ஆர்.ஐ. எடுப்பதானால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். படம் மாறித் தெரியும்.

இரத்தத்தில்தான் இரும்பு இருக்கிறதே, காந்த வளையல் அணிந்தால் ஓட்டம் சீராகுமா?

ஆகாது. ஹீமோகுளோபினில் இரும்பு தனித்தனி அணுவாக இருக்கிறது, துகளாக அல்ல. ஆக்சிஜன் ஏறிய இரத்தத்தைக் காந்தம் மிக மெல்லத் தள்ளவே செய்யும். 3 டெஸ்லா எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் அரை மணி நேரம் படுத்திருந்தாலும் இரத்தம் ஒரு பக்கமாக ஒதுங்குவதில்லை.