பையில் சாப்பாடு இருந்தும் சாவது ஏன்? ‘தி லாங் டார்க்’ கேமில் முதல் மூன்று நாள்

கேள்வி: ‘தி லாங் டார்க்’ வாங்கி ஒரு மாதம் ஆகிறது. சர்வைவல் மோடில், வாயேஜர் என்ற நடுத்தரக் கடின நிலையில் ஆறு முறை ஆரம்பித்துவிட்டேன். ஒரு தடவைகூட மூன்றாம் நாளைத் தாண்டவில்லை. பையில் டின் பீன்ஸ், சோடா எல்லாம் இருக்கும்போதே செத்துப்போகிறேன். ஆரம்ப நாட்களில் எதை முதலில் கவனிக்க வேண்டும்?

பதில்: நோய் என்ன என்பது உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. பையில் சாப்பாடு இருக்கும்போது சாகிறீர்கள் என்றால், உங்களைக் கொல்வது பசி இல்லை, குளிர். புதிதாக ஆடுகிறவர்கள் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். சர்வைவல் கேம் என்றதும் சாப்பாடு தேடி ஓடத் தோன்றுகிறது. இந்தக் கேம் வேறு மாதிரி.

கனடாவின் ஹின்டர்லேண்ட் ஸ்டுடியோ இதை 2014இல் முன்னோட்டமாக வெளியிட்டு, 2017இல் முழுதாகக் கொண்டுவந்தது. கதை நடப்பது வட கனடாவில், கிரேட் பேர் என்ற கற்பனைத் தீவில். உங்களுக்கு நான்கு அளவுகள் உண்டு: உடல் சூடு, களைப்பு, தாகம், பசி. நான்கில் எது பூஜ்யத்துக்குப் போனாலும் உயிர் குறையும், ஆனால் ஒரே வேகத்தில் இல்லை. பசி பூஜ்யமானால் உயிர் மெதுவாகத்தான் கரையும். ஒரு பகல் முழுக்கப் பட்டினி கிடந்தும் எழுந்து நடக்கலாம். தாகம் அதைவிடக் கொஞ்சம் வேகம். சூடு பூஜ்யமானால் சில மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். அந்த மணி நேரமும் கேமின் மணி நேரம். அதில் ஒரு மணி நேரம் நம் கடிகாரத்தில் வெறும் 5 நிமிடம். அதனால் முதல் மூன்று நாளுக்கு உங்கள் கண் சூட்டு அளவிலேயே இருக்கட்டும்.

அந்த அளவுக்குப் பக்கத்தில் சின்ன அம்புக்குறிகள் வரும். கீழ்நோக்கி ஒன்று என்றால் நடக்கலாம். மூன்று என்றால் எதையும் யோசிக்காமல் கூரை தேடுங்கள். காற்றையும் கவனியுங்கள். நம் ஊரில் காற்றடித்தால் சுகம், அதனால் இது நமக்குச் சட்டென்று உறைக்காது. அங்கே வெயில் பளிச்சென்று அடிக்கும்போதும் காற்று சேர்ந்துகொண்டால் உடம்புக்குத் தெரியும் குளிர் பல டிகிரி இறங்கிவிடும். ஒரு பாறைக்குப் பின்னால் ஒதுங்கினாலே வித்தியாசம் தெரியும். வெளியே போகும்போது சூடு பாதிக்கு வந்ததும் திரும்பிவிடுவது என் வழக்கம். திரும்பி வரும் வழி எதிர்க்காற்றாக இருந்தால் அதற்கும் முன்பே.

எங்கே ஆரம்பிப்பது? மிஸ்டரி லேக் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். ஏரிக்கரையில் கேம்ப் ஆபீஸ் என்ற மரக்கட்டடம் இருக்கிறது. படுக்கை, அடுப்பு, வேலை மேஜை மூன்றும் ஒரே கூரையின் கீழ். பகுதியின் நடுவே ரயில் பாதை ஓடுவதால் வழி தவறினாலும் தண்டவாளத்தைப் பிடித்துத் திரும்பிவிடலாம். முதல் நாளில் உங்கள் வேலை அங்கே போய்ச் சேர்வது, வழியில் கிடைக்கும் துணியையெல்லாம் உடனே போட்டுக்கொள்வது. கிழிந்த ஸ்வெட்டர்கூடப் பையில் இருந்தால் பாரம், உடம்பில் இருந்தால் சூடு. எடை 30 கிலோவைத் தாண்டினால் நடை தளரும், சரிவில் கணுக்கால் பிசகும். ஆகவே கனமான டின்களை முதலில் சாப்பிட்டுவிடுங்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம்: தீ. ஒரு தீக்குச்சிக்கு ஒரு வேலை என்று செலவழிக்கிறவர்கள் நீடிப்பதில்லை. ஒரு தீயிடம் நான்கைந்து வேலை வாங்க வேண்டும்.

ஒரு ஆட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாம் நாள் மதியம், கையில் ஐந்து தீக்குச்சிகள். கேம்ப் ஆபீஸுக்கு எதிரே, உறைந்த ஏரியின் மேல் மீன்பிடிக் குடிசைகள் உண்டு, உள்ளே சின்ன அடுப்போடு. அதில் ஒரு குச்சியைக் கிழித்தேன். குடிசைக்குள் காற்று அணைத்துவிடும் என்ற பயம் இல்லை. முதலில் பனியை உருக்கினேன். உருகிய நீரை அப்படியே குடித்தால் வயிற்றுப்போக்கு வரும், அதனால் கொதிக்கவும் வைத்தேன். இரண்டு லிட்டர். பிறகு ஏரியில் செத்துக் கிடந்த மானிலிருந்து வெட்டி வந்த இறைச்சியைச் சுட்டேன். அதற்குள் சூட்டு அளவு நிரம்பிவிட்டது. கிளம்பும்போது அதே தீயிலிருந்து ஒரு தீப்பந்தத்தை உருவிக்கொண்டேன். ஏரிக்கு நடுவே ஓநாய் ஒன்று எதிரே வந்தது. பந்தத்தை முன்னால் நீட்டியபடி, ஓடாமல், அதன்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் பக்கவாட்டில் நகர்ந்தேன். அது உறுமிக்கொண்டு தயங்கியது, நெருங்கவில்லை. கேம்ப் ஆபீஸுக்குள் போய் அந்தப் பந்தத்தாலேயே உள்ளே இருந்த அடுப்பைப் பற்றவைத்தேன். தண்ணீர், சாப்பாடு, சூடு, பாதுகாப்பு, இரவுக்கு இன்னொரு தீ: இத்தனைக்கும் செலவு ஒரே ஒரு குச்சி. கையில் இன்னும் நான்கு.

இதைச் செய்ய முன்கூட்டியே விறகு வேண்டும். ஆரம்பத்தில் தீ பிடிக்க 40 சதவீத வாய்ப்புதான், தவறினால் குச்சி போனது போனதுதான். எரிதூண்டித் திரவம் கிடைத்தால் அந்த வாய்ப்பைக் கூட்டிக்கொள்ளலாம். சுள்ளிகளை நடக்கும்போதெல்லாம் குனிந்து பொறுக்குங்கள். ஒன்று ஏழெட்டு நிமிடம்தான் எரியும், ஆனால் இருபது சேர்ந்தால் ஒரு மாலைக்கு ஆகும். குகைகளில் கிடக்கும் நிலக்கரி அருமையான பொருள். ஆனால் தீ நன்றாகச் சூடேறிய பிறகுதான் அது பற்றும். எரிந்து முடிந்த சாம்பலிலிருந்து கரித்துண்டை எடுக்க மறக்காதீர்கள். உங்களுக்கு வரைபடம் தருவார் யாரும் இல்லை, சுற்றுப்புறத்தை அந்தக் கரியால்தான் வரைய வேண்டும்.

தீமூட்டும் திறன் மூன்றாம் நிலையை எட்டும்வரை பற்றவைக்கப் பஞ்சு மாதிரி ஏதாவது தேவை. இதற்கும் பசிக்கும் சேர்த்து ஒரே செடி உதவும். கேமில் கேட்டெயில் என்று வரும் சம்பங்கோரை, நீர்நிலைகளின் ஓரத்தில் பழுப்புக் கதிரோடு நிற்கும். கதிர் தீமூட்ட உதவும், தண்டு 150 கலோரி. தண்டு கெட்டுப்போவதே இல்லை, எடையும் மிகக் குறைவு. கண்ணில் பட்டால் ஒன்றுகூட விடாதீர்கள்.

பச்சை இறைச்சியைச் சுமந்துகொண்டு அலைவதை மட்டும் நிறுத்திவிடுங்கள். அந்த வாடை ஓநாய்களைத் தூரத்திலிருந்தே இழுத்து வரும். வெட்டிய இடத்திலேயே தீ மூட்டிச் சுட முடிந்தால் மிக நல்லது. உறைந்த இறைச்சியும் தீயின் பக்கத்தில் இளகும். சுட்டதற்கும் வாடை உண்டு, ஆனால் குறைவு. ஓநாய் இறைச்சியும் கரடி இறைச்சியும் இப்போதைக்கு வேண்டாம், நன்றாகச் சுட்டாலும் குடலில் ஒட்டுண்ணி வரும் அபாயம் உண்டு.

பனிப்புயல் கிளம்பும்போது காற்றின் சத்தம் மாறும், தூரத்து மரங்கள் மங்கும். இன்னும் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைக்கும் அந்த நிமிடத்தில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். பக்கத்தில் கார் இருந்தால்கூட ஏறி உட்காருங்கள், காற்றும் ஓநாயும் உள்ளே வராது. ஆனால் புயல் நின்ற பிறகும் வீட்டுக்குள்ளேயே நாள்கணக்கில் அடைந்து கிடக்கக் கூடாது. அதற்கென்று கேபின் ஃபீவர் என்று ஒரு பாதிப்பு வைத்திருக்கிறார்கள்; அது வந்தால் உள்ளே படுத்துத் தூங்கவே முடியாது.

சரி, மூன்றாம் நாள் காலையில் உயிர் நன்றாக இருக்கிறது, வெளியே காற்று இல்லை என்றால் முயலுக்குப் போங்கள். ஒரு கல்லை எறிந்தால் அது மயங்கி விழும்; உடனே ஓடிப்போய்த் தூக்க வேண்டும், தாமதித்தால் எழுந்து ஓடிவிடும். கறியோடு குடலையும் தோலையும் எடுத்து கேம்ப் ஆபீஸ் தரையில் போட்டுவையுங்கள். தோல் காய 3 நாள், குடல் காய 5 நாள். காய்ந்த குடல்தான் பின்னால் முயல் கண்ணிக்கும் தூண்டில் நூலுக்கும் ஆகும்.