எல்லாம் சரக்குதானா?

அன்புள்ள ஐயா,

ஆங்கில நாவல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். கப்பல், லாரி, மாட்டுவண்டி மூன்றும் வரும் கதை. மூலத்தில் கார்கோ, ஃப்ரெய்ட், லோடு, கூட்ஸ் என்று நான்கு சொற்கள் மாறி மாறி வருகின்றன. அகராதியைத் திறந்தால் நான்குக்கும் 'சரக்கு' என்றே இருக்கிறது. தமிழில் வேறு சொல்லே கிடையாதா? 'சரக்கு ஏற்றினான்' என்று எழுதினால் இன்றைய வாசகர் மதுவைத்தானே நினைப்பார்? அந்தச் சொல்லையே தவிர்த்துவிடலாமா?

ஒரு வாசகி, கோவை

அன்புள்ள வாசகிக்கு,

தவிர்க்க வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் சுக்கும் திப்பிலியும் சரக்கு. ஓட்டலில் பலகாரம் போடுகிறவர் சரக்கு மாஸ்டர். 2017 ஜூலை 1 முதல் நாடு முழுக்கக் கட்டும் வரிக்குப் பெயரே சரக்கு மற்றும் சேவை வரி. தெலுங்கிலும் கன்னடத்திலும் மலையாளத்திலும் இதற்கு உறவுச் சொற்கள் உண்டு. இவ்வளவு வேலை பார்க்கும் ஒரு சொல்லை, பேச்சுவழக்கில் ஒரு பொருள் கூடுதலாக ஒட்டிக்கொண்டது என்பதற்காக ஒதுக்கிவைத்தால் இழப்பு நமக்குத்தான். 'கப்பலில் சரக்கு ஏற்றினார்கள்' என்று படிக்கும் யாரும் பாட்டிலை நினைப்பதில்லை.

உங்கள் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நான்கு ஆங்கிலச் சொல்லுக்கு நான்கு தமிழ்ச் சொல் தேடுகிறீர்கள். தமிழில் யார் பேசுகிறார் என்பதைப் பொறுத்துச் சொல் மாறும். ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து கேரளாவுக்குப் போகும் சின்ன வெங்காயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். விளைவித்தவருக்கு அது வெங்காயம். கமிஷன் கடைக்காரருக்குச் சரக்கு. 'சரக்கு நல்லா இருக்கு, வரத்துதான் கம்மி' என்பார். தூக்கிப்போடுகிறவருக்கு மூட்டை. லாரி ஓட்டுநருக்கு லோடு. அதில் ஒரு மூட்டையை பஸ்ஸில் ஏற்றினால் கண்டக்டர் லக்கேஜ் என்று டிக்கெட் கிழிப்பார். வெங்காயம் என்னவோ ஒன்றுதான்.

ஆகவே உங்கள் லாரி ஓட்டுநர் 'லோடு' என்றே பேசட்டும். 'லோடு இறக்கிட்டு வர்றேன்', 'ரிட்டன் லோடு கிடைக்கல', 'காலி வண்டியாத்தான் வரணும்' என்பதுதான் அவர் பேச்சு. அவர் வாயில் 'சரக்கு' வந்தால் அவர் மண்டிக்காரர் ஆகிவிடுவார். மணலோ செம்மண்ணோ என்றால் வினையும் மாறும்: 'மண் அடிச்சோம்', 'அஞ்சு நடை அடிச்சோம்'. இந்த 'அடித்தல்' எந்த ஆங்கிலச் சொல்லுக்கும் எதிரே நிற்காது. ஆனால் உங்கள் கதைக்கு உயிர் கொடுக்கும்.

ஃப்ரெய்ட் விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். ஆங்கிலத்தில் அது சரக்கையும் குறிக்கும், அதைக் கொண்டுபோகும் கூலியையும் குறிக்கும். இரண்டாவது பொருள் வந்தால் 'வாடகை' என்று எழுதுங்கள். 'ஃப்ரெய்ட் யார் கொடுப்பது?' என்ற கேள்வியை 'சரக்கை யார் கொடுப்பது?' என்று மாற்றிவிட்டால் அந்த உரையாடலே தலைகீழாகிவிடும்.

இலங்கை வாசகர்களும் படிப்பார்கள் என்றால் இன்னொன்று. நாம் லாரி என்பதை அங்கே பத்திரிகைகள் 'பாரவூர்தி' என்கின்றன. கன்டெய்னர் 'கொள்கலன்'. நிவாரணமாகக் கொடுக்கும் அரிசி பருப்பு 'உலருணவுப் பொதி'. மாட்டின் முதுகில் போன 'பொதி' அங்கே இன்றும் அன்றாடச் சொல்லாக இருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. நம் பக்கம் அது பஞ்சுப் பொதியோடு ஏறக்குறைய நின்றுவிட்டது.

மாட்டுவண்டிக்கு வருவோம். அங்கே சொல் 'பாரம்'. என் பெரியப்பா வண்டி வைத்திருந்தார். நெல் மூட்டை ஏற்றும்போது ஒவ்வொரு மூட்டைக்கும் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து நசுங்கும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே கிளம்பி, பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். மேடு வந்தால் பாரம் பின்னால் சாயும் என்று ஏர்க்கால் பக்கம் நகர்ந்து உட்காருவார். இறக்கத்தில் பின்னுக்கு வருவார். ஒருமுறை ஏற்றிக் கட்டிய பிறகும் ஒரு மூட்டையை அரை முழம் தள்ளி வைக்கச் சொன்னார். சொல்லும்போது அவர் கண் மூட்டையில் இல்லை, மாட்டின் கழுத்தில்தான் இருந்தது. 'சரக்கு' என்ற சொல் இந்தக் காட்சிக்குள் நுழையவே முடியாது. சரக்குக்கு விலை உண்டு, பாரத்துக்கு எடைதான்.

வள்ளுவர் வண்டியில் ஏற்றியதைப் 'பண்டம்' என்றார். மயில்பீலியே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்ற குறளில் 'அப்பண்டம் சால மிகுத்துப் பெயின்' என்று வருகிறது. ஏற்றுவதற்கு அவர் வைத்த வினை 'பெய்தல்'. அழகான சொல்தான், ஆனால் உங்கள் நாவலில் வேண்டாம், இன்று மழைதான் பெய்கிறது.

சரி, கப்பல் அத்தியாயங்களில் 'சரக்கு' அப்படியே இருக்கட்டும். ஓட்டுநருக்கு லோடு, வண்டிக்காரருக்குப் பாரம் என்று மாற்றிவிட்டு, அந்தப் பக்கங்களை மட்டும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எங்காவது இடறினால் அந்த வாக்கியத்தை எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.